குறைந்த பிட்ரேட் வீடியோவில் கணக்கைக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் கடைசி வருட புராஜெக்ட் செய்பவர்களும், தோட்டத்துச் சாளையிலும் தறிக்குடோனிலும் கேமரா மாட்டித் தருபவர்களும் வீடியோவை அமுக்கும்போது பிராசஸர் போட வேண்டிய கணக்கைக் குறைப்பது பற்றி மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. முதல் தரப்பு சூத்திரம் கேட்கிறது. இரண்டாம் தரப்பு "பெட்டி ஏனுங்க இப்படிச் சுடுது?" என்று கேட்கிறது. பதில் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டேன்.

குறைந்த பிட்ரேட் என்றால் எவ்வளவுங்க?

பிட்ரேட் என்பது விநாடிக்கு எத்தனை பிட் அனுப்புகிறோம் என்ற அளவு. அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் கிடைக்கிறது என்று பாருங்கள். 640×360 அளவில் விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் விநாடிக்கு 57,60,000 பிக்சல். அமுக்காத வீடியோவில் ஒரு பிக்சலுக்கு 12 பிட் (நிறத்தைப் பாதி அகலம், பாதி உயரத்தில் வைத்திருக்கும் வழக்கமான வடிவத்தில்). அதை 200 கிலோபிட்டில் அனுப்பினால் பிக்சலுக்கு 0.035 பிட்தான் மிஞ்சும். கிட்டத்தட்ட 345 மடங்கு அமுக்கல். சாளையில் ஒற்றை சிம்மில், ஒன்றிரண்டு கோடு சிக்னலில் ஓடும் கேமராவுக்கு இதுதான் நிலைமை.

பழைய காலத்தில் எச்.261 என்ற வீடியோ அமுக்கும் தரநிலை 64 கிலோபிட்டின் மடங்குகளில் ஓடும் ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் டெலிபோன்) லைன்களுக்காக வந்தது. 1990-களின் நடுவில் வந்த எச்.263 அதற்கும் கீழே, சாதாரண டெலிபோன் லைனில் மோடம் வழியாகப் படம் அனுப்பும் கனவோடு எழுதப்பட்டது. கணக்கைக் குறைக்கும் உத்திகளில் பல அந்தக் காலத்தவை. இன்றைய கோடெக்குகளிலும் (வீடியோவை அமுக்கி விரிக்கும் முறைகள்) அவைதான் வேறு பெயரில் ஓடுகின்றன.

இப்போது பிராசஸர்கள் வேகமாக இருக்கின்றனவே, எதற்குக் குறைக்க வேண்டும்?

நேரலை என்றால் 25 ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி விநாடிதான் அவகாசம். அதற்குள் முடியவில்லை என்றால் படம் விட்டு விட்டு வரும். சோலார் பலகையும் பேட்டரியும் வைத்து ஓடும் கேமராவில் ஒவ்வொரு கூட்டலும் கழித்தலும் இரவு எத்தனை மணி வரை தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பெட்டி சூடேறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஓடியது மதியம் ஓடாது. தவிர, கோடெக்குகள் புதுசாக வர வர என்கோடர் (அமுக்கும் நிரல்) பரிசீலிக்க வேண்டிய தெரிவுகளும் பெருகிக்கொண்டே போகின்றன. பிராசஸர் முன்னேறிய வேகத்தை அவையே தின்றுவிடுகின்றன.

என்கோடரில் நேரம் எங்கே போகிறது?

முக்கால்வாசி நகர்வுத் தேடலில். ஒவ்வொரு ஃபிரேமையும் 16×16 பிக்சல் மேக்ரோபிளாக்குகளாகப் பிரித்து, "இந்த பிளாக் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது?" என்று தேடுவதுதான் அந்த வேலை. கண்ட இடத்தை மோஷன் வெக்டர் என்ற இரண்டு எண்களாக அனுப்பிவிட்டு, மிச்ச வித்தியாசத்தை மட்டும் டிசிடி (பிக்சல் மதிப்புகளை அலைவரிசை எண்களாக மாற்றும் கணக்கு) செய்து அமுக்குகிறோம்.

352×288 அளவில் ஒரு ஃபிரேமுக்கு 396 மேக்ரோபிளாக். எல்லாத் திசையிலும் 15 பிக்சல் வரை ஒன்று விடாமல் தேடினால் ஒரு பிளாக்குக்கு 31×31, அதாவது 961 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 பிக்சலைக் கழித்து, குறியை நீக்கி, கூட்ட வேண்டும். இந்தக் கூட்டுத்தொகையைத்தான் எஸ்ஏடி என்கிறோம். விநாடிக்கு 15 ஃபிரேம் என்றால் சுமார் 146 கோடிக் கழித்தல்கள். இத்தனைக்கும் இது இன்று யாரும் கேமராவில் வைக்காத சின்னப் படம்.

ஒன்று விடாமல் தேடாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

தொலைந்த கன்றைத் தேடுகிறவர் ஊரில் வீடு வீடாகப் போக மாட்டார். நேற்று மேய்ந்த காட்டுக்கு முதலில் போவார், பக்கத்துத் தோட்டத்து மாடுகள் எந்தப் பக்கம் போயின என்று கேட்பார். என்கோடரும் அதைத்தான் செய்கிறது. இடது, மேல், வலது மேல் பிளாக்குகளின் வெக்டர்களில் நடு மதிப்பை எடுத்து அங்கே முதலில் பார்க்கிறது. அசையாத இடத்தையும், அதாவது பூஜ்ய வெக்டரையும், பார்க்கிறது. முந்தைய ஃபிரேமில் இதே இடத்தில் என்ன வெக்டர் இருந்தது என்றும் பார்க்கிறது. பெரும்பாலும் இந்த மூன்று நான்கில் ஒன்று சரியாகவோ மிக அருகிலோ இருக்கும்.

அதற்குப் பிறகுதான் வடிவத் தேடல். 1981-ல் கோகாவும் அவர் குழுவினரும் சொன்ன மூன்று படித் தேடல் இதில் பழையது: 7 பிக்சல் எல்லைக்குள் 225 இடங்களுக்குப் பதில் 25 இடம் பார்த்தால் போதும். 1990-களில் வந்த டைமண்ட் தேடல் அசையாத பிளாக்குக்கு 13 இடத்தோடு நின்றுவிடும். 2000-களின் தொடக்கத்தில் வந்த அறுகோணத் தேடல் இன்னும் சிக்கனம். எச்.264 கோடெக்குக்கான எக்ஸ்264 என்கோடரின் இயல்பு அமைப்பில் இன்றும் இருப்பது அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான நம்பிக்கை உண்டு: சரியான இடத்தை நெருங்க நெருங்க எஸ்ஏடி குறைந்துகொண்டே வரும் என்பது. கரூர் பெட்ஷீட் போலக் கட்டம் போட்ட துணி படத்தில் அசைந்தால் அந்த நம்பிக்கை பொய்த்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொய்ப் பள்ளம் இருக்கும், தேடல் அதில் விழுந்து "கிடைத்துவிட்டது" என்று சொல்லும். பக்கத்து பிளாக்குகளின் வெக்டரிலிருந்து தொடங்கினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். என்னைக் கேட்டால் தேடல் டைமண்டா அறுகோணமா என்பதைவிட எங்கே தொடங்குகிறோம் என்பதே முக்கியம். புராஜெக்ட்டுக்குப் புதுசாக இன்னொரு வடிவம் கண்டுபிடிக்கிறேன் என்று வருபவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடுகிறது, என்ன செய்வது.

குறைவாகத் தேடினால் தரம் கெடாதா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மேலே சொன்ன 352×288 படத்தை 15 ஃபிரேமில் 64 கிலோபிட்டுக்கு அமுக்குகிறோம் என்று வையுங்கள். விநாடிக்கு 5,940 மேக்ரோபிளாக். ஒன்றுக்குச் சராசரி 10.8 பிட். வெக்டர், வித்தியாசம், தலைப்புத் தகவல் எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான்.

இப்போது வெக்டரின் விலையைப் பாருங்கள். எச்.264-ன் எளிய குறியீட்டு முறையில், கணித்த வெக்டரும் உண்மையான வெக்டரும் ஒன்றாக இருந்தால் ஓர் அச்சுக்கு 1 பிட். கால் பிக்சல் வித்தியாசம் என்றால் 3 பிட். 8 பிக்சல் தள்ளி இருந்தால் 13 பிட். ஆக, 961 இடமும் தேடி, 8 பிக்சலுக்கு அப்பால் ஓர் அருமையான பொருத்தம் கண்டுபிடித்தாலும், அதன் ஒரு அச்சைச் சொல்லவே அந்த பிளாக்கின் சராசரிப் பங்கு முழுதும் தீர்ந்து கடனும் ஆகிவிடும். வித்தியாசத்தில் அதைவிட அதிகம் மிச்சப்பட்டால் ஒழிய அந்தக் கண்டுபிடிப்பைக் குப்பையில்தான் போட வேண்டும்.

அதனால்தான் நல்ல என்கோடர் எஸ்ஏடியை மட்டும் பார்ப்பதில்லை. பிழை, கூட்டல் லாம்டா பெருக்கல் பிட் என்ற கூட்டு விலையைப் பார்க்கிறது. லாம்டா என்பது ஒரு பிட் எவ்வளவு பிழைக்குச் சமம் என்று வைக்கும் எண். பிட்ரேட் குறையக் குறைய லாம்டா பெரிதாகும். கணித்த இடத்துக்கு அருகிலேயே விடை வந்து உட்காரும். எச்.263-ன் சோதனை மாதிரி என்கோடரில் இதை முரட்டுத்தனமாகச் செய்திருந்தார்கள்: பூஜ்ய வெக்டரின் எஸ்ஏடியிலிருந்து 100-ஐக் கழித்து அதற்கு ஒரு சலுகை. நேர்த்தியாக இல்லை, ஆனால் வேலை செய்தது.

பிட் தாராளமாக இருக்கும்போது தேடலைக் குறைத்தால் தரம் கொஞ்சம் இறங்கும். பிட் கஞ்சமாக இருக்கும்போது, அனுப்ப முடியாத விடையைத் தேடுவதைத்தான் பெரும்பாலும் நிறுத்துகிறோம்.

தேடலை 13 இடமாகக் குறைத்துவிட்டேன். ஆனாலும் வேகம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லையே?

அரை பிக்சல், கால் பிக்சல் தேடலைப் பாருங்கள். அரை பிக்சலுக்குச் சுற்றிலும் 8 இடம், கால் பிக்சலுக்கு 8 இடம், மொத்தம் 16. முழுப் பிக்சல் தேடலைவிட இதுவே பெரிதாகிவிட்டது! இந்த இடங்களில் படம் தயாராக இருக்காது. எச்.264-ல் 6 பிக்சலை எடுத்து வடிகட்டி உருவாக்க வேண்டும், அதுவும் செலவு.

இரண்டு வழி உண்டு. முழுப் பிக்சலில் கிடைத்த எஸ்ஏடியே போதுமான அளவு சிறியதாக இருந்தால் பின்னத் தேடலுக்கே போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால், சுற்றியுள்ள முழுப் பிக்சல் இடங்களின் எஸ்ஏடிகளுக்கு ஒரு பரவளைவைப் பொருத்தி, அடிமட்டம் எந்தப் பக்கம் என்று கணித்து, அந்தப் பக்கம் மட்டும் பாருங்கள்.

எஸ்ஏடி போடுவதையே வேகமாக்க முடியுமா?

முடியும். வரிசை வரிசையாகக் கூட்டும்போது, இதுவரை கிடைத்த சிறந்த விலையைத் தொகை தாண்டிவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். இன்டெல் பிராசஸர்களில் 1999-ல் பென்டியம் 3 வந்ததிலிருந்து 8 பைட்டுகளின் எஸ்ஏடியை ஒரே கட்டளையில் போடும் வசதி உண்டு. பிறகு அது 16, 32 என்று வளர்ந்தது. ஆர்ம் சில்லுகளில் இதே வேலைக்கு நியான் என்ற கட்டளைகள் உண்டு. ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தக் கட்டளைகளை வைத்தால், பாதி பிக்சலை விட்டுவிட்டுக் கூட்டும் பழைய உத்தியால் பெரிய லாபம் இருக்காது. காகிதத்தில் பாதி, கடிகாரத்தில் ஒன்றுமில்லை.

டிசிடியைச் செய்யாமலே விட முடியும் என்கிறார்களே, அது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. குறைந்த பிட்ரேட்டில் குவாண்டைசேஷன் (டிசிடி எண்களை ஒரு படியளவால் வகுத்து உருட்டுவது) முரடாக இருக்கும். பெரும்பாலான பிளாக்குகளில் டிசிடி செய்து, வகுத்து, உருட்டி முடித்துப் பார்த்தால் 64 எண்களும் பூஜ்யம். அத்தனை வேலையும் வீண். முன்கூட்டியே தெரிந்தால் டிசிடி, குவாண்டைசேஷன், அவற்றின் தலைகீழ்க் கணக்குகள் நான்கையும் விட்டுவிடலாம்.

தெரிந்துகொள்ளவும் முடியும். 8×8 டிசிடியில் எந்தக் கெழுவும் (டிசிடி தரும் எண்) அந்த 8×8 பிளாக்கின் எஸ்ஏடியில் நாலில் ஒரு பங்கைத் தாண்டாது. டிசிடியின் சூத்திரத்தைப் பார்த்தாலே புரியும். எச்.263-ன் சோதனை மாதிரியில், நகர்வு வைத்துக் கணித்த பிளாக்குகளுக்கு, கெழு 2.5 × க்யூபி-க்குக் கீழே இருந்தால் பூஜ்யமாகிவிடும் (க்யூபி என்பது குவாண்டைசேஷன் எவ்வளவு முரடு என்று சொல்லும் எண்). இரண்டையும் சேர்த்தால்: எஸ்ஏடி, 10 × க்யூபி-யைவிடக் குறைவா? அப்படியானால் அந்த பிளாக் முழுப் பூஜ்யம். இது ஊகம் இல்லை, நிச்சயம். க்யூபி 20 என்றால் எஸ்ஏடி 200-க்குக் கீழே, அதாவது பிக்சலுக்குச் சராசரி 3 அளவு வித்தியாசம். சாதாரணச் சுவரும் வானமும் இதில் தாராளமாக அடங்கும். எஸ்ஏடியையோ நகர்வுத் தேடலிலேயே கணக்கிட்டாயிற்று, 16×16-ஐ நான்கு 8×8 துண்டாகக் கூட்டி வைத்தால் தனிச் செலவு கிடையாது.

வெக்டரும் பூஜ்யம், வித்தியாசமும் பூஜ்யம் என்றால் முழு மேக்ரோபிளாக்கையே 'ஸ்கிப்' என்று சொல்லிவிடலாம். எச்.263-ல் அதற்கு ஒரே ஒரு பிட். எனவே ஸ்கிப் ஆகுமா என்பதைத் தேடலுக்கு முன்பே சோதியுங்கள், பின்பு அல்ல.

வரம்பை 10-க்கு மேல் தளர்த்தினால் இன்னும் வேகம் கிடைக்கும், ஆனால் அது ஊகமாகிவிடும். மெதுவாக மாறும் காட்சியில் இது காட்டிக்கொடுக்கும். பொழுது சாயும்போது சுவரின் வெளிச்சம் மெல்லக் குறைகிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் வித்தியாசம் வரம்புக்குள் என்பதால் என்கோடர் ஸ்கிப், ஸ்கிப் என்றே போகும். கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒட்டுப் போட்டது போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். அதற்கு மருந்து, சுற்றுமுறையில் சில பிளாக்குகளைக் கட்டாயமாகப் புதிதாக அனுப்புவது.

தறிக்குடோன், கோழிப்பண்ணைக் கேமராக்களுக்கு என்ன அமைப்பு நல்லது?

முதலில் இரவு இரைச்சல். வெளிச்சம் குறைந்ததும் கேமரா சென்சாரின் பெருக்கத்தை ஏற்றுகிறது, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துள்ளும். கண்ணுக்கு அசையாத சுவர். என்கோடருக்கு ஒவ்வொரு பிளாக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்கிப் எதுவும் விழாது, தேடல் எல்லா இடத்திலும் ஓடும், பிட்டும் போகும், சூடும் ஏறும். என்கோடருக்கு முன்னால் ஒரு எளிய நேரவழி இரைச்சல் வடிகட்டி (அடுத்தடுத்த ஃபிரேம்களைச் சராசரி எடுத்துப் புள்ளிகளை அடக்குவது) வைத்தால் அது செலவழிக்கும் கணக்கைவிட மிச்சப்படுத்தும் கணக்கு அதிகம். இரவில் மட்டும் பெட்டி சுடுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அகச்சிவப்பு விளக்கில் அது வெள்ளைத் திரையாக ஆடும்.

தறிக்குடோனில் தறியின் அசைவு, 10 ஃபிரேமில் பிடிக்க முடியாத வேகம். தேடல் எல்லையை அகலமாக வைத்தாலும் கிடைப்பது பொய் வெக்டர்தான். எல்லையைச் சிறிதாக வையுங்கள், தறி ஓடும் பகுதிக்குத் தரத்தைக் குறைத்து, வாசலுக்கும் பாவு அடுக்கும் இடத்துக்கும் தரத்தை ஏற்றுங்கள். பகுதி வாரியாகத் தரம் வைக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு, மெனுவில் ஆழத்தில் இருக்கும்.

கோழிப்பண்ணை அதற்கு நேர் எதிர். எல்லாம் ஒரே நிறம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அசையும். அங்கே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் மலிவான வழி. 25 ஃபிரேமில் கோழியைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் படம் கலங்கிப்போகிறதே?

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தென்னை ஓலையை ஆட்டும்போது ஒவ்வோர் ஓலைக்கீற்றும் தனித்தனியாகப் போகிறது. நகர்வுத் தேடலின் அடிப்படையே "பிளாக் உருமாறாமல் இடம் மட்டும் மாறுகிறது" என்பதுதான். ஓலைக்கும் அது பொருந்தாது, காற்றாலை இறக்கையின் சுழற்சிக்கும் பொருந்தாது. எவ்வளவு தேடினாலும் கிடைக்காத இடத்தில் தேடலை நீட்டாதீர்கள். சில இடம் பார்த்தும் விலை இறங்கவில்லை என்றால் கைவிடும் விதியைப் போடுங்கள். அதைவிடச் சுலபம், கேமராவை இரண்டு அடி கீழே சாய்த்து மரத்தின் உச்சியைப் படத்திலிருந்து எடுத்துவிடுவது.

ரேக்ளாப் பந்தயம் எடுப்பவர்கள் பயப்பட வேண்டாம். வண்டியோடு சேர்ந்து கேமரா சீராகத் திரும்பினால் பின்னணி பிளாக்குகள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே வெக்டர். பக்கத்து பிளாக்கைப் பார்த்தே வேலை முடியும். கை நடுங்கினால்தான் தொல்லை.

எச்.264, எச்.265, ஏவி1: எது குறைந்த கணக்கு?

எச்.264 (2003). அதிலேயே தெரிவுகள் அதிகம்: நகர்வுக்கு 16×16 முதல் 4×4 வரை ஏழு அளவு, ஃபிரேமுக்குள்ளேயே கணிக்கும் வகைகளை ஒன்று விடாமல் சோதித்தால் ஒரு மேக்ரோபிளாக்குக்கு 592 சேர்க்கைகள். எச்.265 (2013) வந்தபோது 64×64-லிருந்து 8×8 வரை பிளாக்கைப் பிரித்துக்கொண்டே போகலாம் என்றானது, உட்கணிப்பு வகைகள் 35 ஆயின. அதன் மாதிரி என்கோடரான எச்எம் கூட 35-ஐயும் முழுதாகச் சோதிப்பதில்லை. மலிவான ஓர் அளவையில் வடிகட்டி 3 அல்லது 8-ஐ மட்டும் முழுக்கணக்குக்கு எடுக்கிறது. குறைந்த பிட்ரேட்டில் பெரிய பிளாக்கே பெரும்பாலும் ஜெயிக்கும். எனவே மேலிருந்து தொடங்கி, ஸ்கிப் விலை போதுமானதாக இருந்தால் பிரிக்காமல் நின்றுவிடுவதுதான் பெரிய மிச்சம்.

கணக்குத் திறன் இருந்தால் புதிய கோடெக்கை (எச்.265, ஏவி1) வேகமான அமைப்பில் ஓட்டுவது, பழையதை மிக மெதுவான அமைப்பில் ஓட்டுவதைவிடப் பெரும்பாலும் நல்லது. சிறிய பெட்டி என்றால் எச்.264-ஓடு நில்லுங்கள்.

எக்ஸ்264-ல் 'அல்ட்ராஃபாஸ்ட்' வைத்தால் போதாதா?

குறைந்த பிட்ரேட்டுக்கு அது தப்பான இடத்தில் வெட்டுகிறது. கேபாக் என்ற சிக்கனமான குறியீட்டு முறையையும், பிளாக் ஓரங்களை மழுப்பும் வடிகட்டியையும் நிறுத்திவிடும். பிட் இல்லாத இடத்தில் இவை இரண்டும்தான் அதிகம் தேவை. 'வெரிஃபாஸ்ட்' வையுங்கள்: அறுகோணத் தேடல், ஒரே ஒரு பார்வை ஃபிரேம் (ஒப்பிட்டுத் தேடும் பழைய ஃபிரேம்), அந்த இரண்டும் அப்படியே இருக்கும். அதுவும் பாரம் என்றால் அமைப்பைத் தொடாமல் படத்தின் அளவைக் குறையுங்கள். 1280×720-லிருந்து 640×360-க்கு வந்தால் பிக்சல் நாலில் ஒன்று, கணக்கும் ஏறத்தாழ அப்படியே. 200 கிலோபிட்டில் சின்னப் படம்தான் பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

புராஜெக்ட்டில் 'வேகம் கூடிவிட்டது' என்று எப்படி நிரூபிப்பது?

தேடிய இடங்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டாதீர்கள், உண்மையான நேரத்தையும் காட்டுங்கள். நான்கு க்யூபி மதிப்புகளில் ஓட்டி, ப்யோன்டகார்டு முறையில், அதாவது அதே தரத்துக்குப் பிட்ரேட் எத்தனை சதவீதம் கூடியது என்று போடுங்கள். அகியோ என்ற செய்தி வாசிப்பாளர் வீடியோவை மட்டும் வைத்து முடிவு எழுதும் பழக்கத்தை விடுங்கள். அதில் அசைவது முகம் மட்டும்தான், எந்த உத்தியும் அதில் ஜெயிக்கும். ஃபோர்மேன், மொபைல், ஸ்டெஃபான் என்ற வழக்கமான சோதனை வீடியோக்கள் மூன்றையும் சேருங்கள். கூடவே நம் பக்கத்து வீடியோ ஒன்று: காற்றடிக்கும் தென்னந்தோப்பை எடுத்துச் சோதித்தால் தேர்வாளர் கேட்கப்போகும் கேள்வி முன்னாடியே தெரிந்துவிடும்.

ஒலிக்கு எவ்வளவு பிட் விடலாம்?

பேச்சு மட்டும் என்றால் ஓப்பஸ் கோடெக்கில் 16 முதல் 24 கிலோபிட் போதும். கணக்குச் செலவு வீடியோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கோழிப்பண்ணைக்கு ஒலியே வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.